ஓயாது கட்டளையிடும் புரதம்

புற்றுநோய் வந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்ன மாத்திரத்தில் நம் வீடுகளில் எழும் முதற் கேள்வி, "இதை எவ்வாறு குணப்படுத்துவது?" என்பதன்று, "இது எதனால் வந்தது?" என்பதே. யார் செய்த பாவமோ, எவர் இட்ட சாபமோ, எந்த உணவின் கேடோ, எந்தப் பரம்பரையின் குறையோ என்று உற்றாரும் உறவினரும் ஆளுக்கொரு காரணம் கற்பிக்கத் தொடங்கிவிடுகின்றனர். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் ஆண்டவரிடம் கேட்டதும் இத்தகைய கேள்விதான். அருளப்பர் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் அதனையும், பாவக் கணக்குப் பார்க்கும் அந்த எண்ணத்தை ஆண்டவர் மறுத்துவிட்டதையும் காண்கிறோம். ஆயினும் நோயாளியின் கட்டிலருகே அக்கேள்வி இன்றும் கேட்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

பெரும்பாலான புற்றுநோய்களுக்கு ஒரே காரணத்தைச் சுட்டிக்காட்ட இயலாது. புகையிலை, முதுமை, சில வைரசுகள், பிறப்பிலேயே அமைந்த சில மரபணுக் குறைகள் எனப் பலவும் கூடிப் பல ஆண்டுகளில் விளைவிக்கும் கேடு அது. ஆனால் ஓர் இரத்தப் புற்றுநோயைப் பொறுத்தமட்டில், "நோயை நடத்திச் செல்வது இந்த ஒரு புரதமே" என்று விரல் நீட்டிச் சொல்லும் நிலைக்கு அறிவியல் வந்துவிட்டது. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் என்பது அதன் பெயர். மருத்துவமனைகளில் சுருக்கமாக சி.எம்.எல். என்பர். மேலை நாடுகளில் பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதினருக்கு வரும் இந்நோய், நம் நாட்டில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்போரிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் தந்தையரையும், மணமாகிச் சில ஆண்டுகளே ஆன பெண்களையும் அது பற்றுகிறது. ஆகவேதான் குடும்ப இதழ் ஒன்றில் அதனைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத முற்படுகிறோம்.

உயிரணுக்களின் உரையாடல்

மனித உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன என்று கணக்கிட்டிருக்கின்றனர். நலமான உடலில் இவை தம் விருப்பப்படி வளர்வதில்லை. தம் விருப்பப்படி இரண்டாகப் பிரிவதுமில்லை. 'வளர்', 'பிரி', 'நில்', ஏன், 'மடிந்துபோ' என்னும் கட்டளையுங்கூட உரிய நேரத்தில் அவற்றுக்கு வந்து சேர வேண்டும். அரிவாள்மணையில் வெட்டுப்பட்ட விரலில் தோல் வளர்ந்து காயத்தை மூடுகிறது; மூடியதும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. தோல் வளர்வதைக் காட்டிலும் அது உரிய இடத்தில் நின்றுவிடுவதே பெரிய வியப்பு. ஆனால் நாம் அதைப் பற்றி ஒருநாளும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இக்கட்டளைகளைச் சுமந்து செல்பவை புரதங்களே என்பது மெல்ல மெல்லத்தான் தெரியவந்தது. அவ்வரலாற்றில் ஒரு பெண்மணியின் பெயர் நினைவில் நிறுத்தத்தக்கது. இத்தாலி நாட்டின் தூரின் நகரைச் சேர்ந்த ரீட்டா லெவி-மொந்தால்சீனி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938-இல் முசோலினியின் இனச் சட்டங்கள் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றின. அவரோ தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டு, கோழிமுட்டைக் கருக்களில் நரம்புகள் எவ்வாறு வளர்கின்றன என்று ஆராய்ந்தார். போருக்குப் பின் அமெரிக்கா சென்று, நரம்பணுக்களை வளரச் செய்யும் ஒரு பொருள் உண்டென்பதைக் கண்டறிந்தார். அவருடன் பணியாற்றிய ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது, வழக்கமாக இரண்டு வாரம் கழித்துத் திறக்கவேண்டிய கண்கள் ஒரே வாரத்தில் திறந்துகொண்டன. அச்சாற்றில் தோலணுக்களை வளரத் தூண்டும் மற்றொரு புரதம் இருந்தது. 1986-இல் இருவரும் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டனர். வத்திக்கானில் உள்ள பாப்பரசரின் அறிவியல் கழகம் அதற்கும் முன்னரே, 1974-இல், அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டிருந்தது. 103 ஆண்டுகள் வாழ்ந்து 2012-இல் அவர் காலமானார்.

வெளியிலிருந்து வரும் வளர்ச்சிப் புரதம் உயிரணுவின் உள்ளே நுழைவதில்லை. அணுவின் மேற்புறச் சவ்வில் பதிந்திருக்கும் வேறொரு புரதத்தை அது தொடுகிறது. தொட்டவுடன் அப்புரதத்தின் உட்பகுதி விழித்துக்கொண்டு, உள்ளேயிருக்கும் மற்றொரு புரதத்தின்மீது பாஸ்பேட் என்னும் சிறு வேதிப்பொருளை ஒட்டுகிறது. ஒட்டப்பட்ட புரதமும் விழித்தெழுந்து அடுத்ததன்மீது ஒட்டுகிறது. பாஸ்கா இரவில் இருண்ட கோயிலினுள் பாஸ்காத் திரியிலிருந்து ஒருவர் தம் மெழுகுவர்த்தியை ஏற்றி, அவரிடமிருந்து அடுத்தவர், அவரிடமிருந்து அதற்கடுத்தவர் என்று கடைசி வரிசைவரை ஒளி சென்று சேர்வதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம் அல்லவா? உயிரணுவினுள் செய்தி செல்லும் முறையும் ஏறக்குறைய அத்தகையதே. ஒளியை ஏற்றும் புரதங்களைக் கைனேஸ்கள் என்பர். நம் உடலில் இவை ஐந்நூற்றுக்கும் சற்று அதிகம். ஏற்றிய ஒளியை அணைப்பதற்கென்றே வேறு புரதங்களும் உள்ளன. ஏற்றுவதும் அணைப்பதும் முறையாக நடக்கும்வரை உடலில் ஒழுங்கு நிலவுகிறது.

இக்கைனேஸ்களுள் ஏறத்தாழ 90 மட்டும், புரதத்திலுள்ள டைரோசின் என்னும் பகுதியின்மீது பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. அவ்வாறு ஒட்டுவது உண்டென்பதையே 1979 வரை எவரும் அறிந்திருக்கவில்லை. கலிபோர்னியாவில் டோனி ஹண்ட்டர் என்பார், புதிதாகக் கரைசல் தயாரிக்கும் தொல்லைக்கு அஞ்சிப் பழைய கரைசலையே தம் சோதனைக்குப் பயன்படுத்தினார். அக்கரைசலின் அமிலத்தன்மை சற்று மாறிப் போயிருந்தது. அதன் விளைவாக, வழக்கமாக ஒன்றாகவே தோன்றும் இரண்டு புள்ளிகள் தனித்தனியே பிரிந்து தெரிந்தன. அவற்றுள் ஒன்று டைரோசின்! சோம்பலுக்கு இத்தகைய வெகுமதி கிடைப்பது மிக அரிது என்பதை மாணவர்கள் கவனத்தில் கொள்வார்களாக.

பிலடெல்பியாவில் கண்ட சிறு துண்டு

இனி நோய்க்கு வருவோம். 1960-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு என்னும் இருவர் சி.எம்.எல். நோயாளிகளின் இரத்த அணுக்களை நுண்நோக்கியில் ஆராய்ந்துகொண்டிருந்தனர். ஒவ்வோர் உயிரணுவிலும் நம் மரபுச் செய்திகளைத் தாங்கிய 46 குரோமோசோம்கள், 23 இணைகளாக உள்ளன என்பது பள்ளிப் பாடம். இந்நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் மட்டும் இயல்புக்கு மாறாகக் குட்டையாக இருந்தது. அந்நகரின் பெயராலேயே அதனைப் பிலடெல்பியா குரோமோசோம் என்றழைத்தனர். அதன் வால் எங்கே போயிற்று? அறுந்து தொலைந்துவிட்டது என்றே பலரும் கருதினர்.

விடை கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனட் ரௌலி நான்கு ஆண்மக்களின் தாய். பிள்ளைகளை வளர்ப்பதற்காகப் பல ஆண்டுகள் வாரத்தில் சில நாட்கள் மட்டுமே பணிக்குச் சென்றவர். குரோமோசோம்களின் புகைப்படங்களைக் கத்தரித்து, வீட்டில் உணவு மேசையின்மீது பரப்பி வரிசைப்படுத்துவார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அந்த மேசையில்தான் அவர் உண்மையைக் கண்டார். 22-ஆம் குரோமோசோமின் வால் தொலைந்துபோகவில்லை. அது 9-ஆம் குரோமோசோமின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. 9-இன் நுனியோ 22-இல் வந்து சேர்ந்திருந்தது. இரண்டும் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன. 1973-இல் இச்செய்தி வெளியாயிற்று. சோறு வடித்து இறக்கிய கையோடு உலகத்தரமான ஆராய்ச்சி செய்தவர் என்று அவரைக் குறிப்பிட்டால் அதில் மிகையில்லை.

இடம் மாறியதனால் விளைந்த கேடு என்ன? 9-ஆம் குரோமோசோமில் ஏ.பி.எல். என்றொரு மரபணு உண்டு. அது உருவாக்கும் புரதம் மேலே சொன்ன டைரோசின் கைனேஸ்களுள் ஒன்று. தேவைப்படும்போது மட்டும் விழித்துப் பணி முடிந்ததும் உறங்கும் நல்ல ஊழியன் அது. 22-ஆம் குரோமோசோமில் பி.சி.ஆர். என்னும் மரபணு உண்டு. துண்டுகள் மாறி ஒட்டும்போது இவ்விரண்டு மரபணுக்களும் பாதி பாதியாக இணைந்து, இயற்கையில் இல்லாத புதியதொரு புரதத்தைப் பிறப்பிக்கின்றன. இந்த இணைப்புப் புரதத்துக்கு உறக்கம் இல்லை. வெளியிலிருந்து எந்தக் கட்டளையும் வராதபோதும், 'பிரி, பிரி' என்று அது இரவும் பகலும் செய்தி அனுப்பிக்கொண்டேயிருக்கிறது. பாஸ்காத் திரி ஏற்றப்படாமலேயே கூட்டத்தின் நடுவில் ஒரு மெழுகுவர்த்தி தானாகப் பற்றிக்கொண்டு, அணைக்க அணைக்க அனைவருக்கும் தீ கொடுத்துக்கொண்டிருப்பதைப் போன்றது அது.

அக்கட்டளைக்குப் பணிந்து எலும்பு மச்சையில் வெள்ளணுக்கள் பெருகுகின்றன. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்கவேண்டிய வெள்ளணுக்கள் ஓர் இலட்சத்தையும் தாண்டிவிடுவதுண்டு. மண்ணீரல் வீங்கி, இடப்பக்க வயிற்றில் கனம் தோன்றும். உடல் இளைக்கும், இரவில் வியர்க்கும், காரணமின்றிக் களைப்பு வரும். பலருக்கு இவையொன்றும் இராது. வேறெதற்கோ எடுத்த இரத்தப் பரிசோதனையில் தற்செயலாக நோய் வெளிப்படும். கவனியாமல் விட்டால் சில ஆண்டுகளில் இந்நோய் கொடிய வடிவம் எடுத்து உயிரைக் குடித்துவிடும்.

புற்றுநோயைத் தூண்டும் மரபணு வெளியிலிருந்து வந்த பகைவன் அன்று என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். கோழிகளுக்குப் புற்று உண்டாக்கும் ஒரு வைரசை 1911-இல் பேட்டன் ரௌஸ் என்பார் அறிவித்தபோது உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1966-இல், தம் 87-ஆம் வயதில்தான், அவர் நோபல் பரிசு பெற்றார். அவ்வைரசில் இருந்த புற்று மரபணு உண்மையில் கோழியின் சொந்த மரபணுவே, வைரசு அதனை வழியில் களவாடிக்கொண்டது என்பதை மைக்கேல் பிஷப், ஹெரால்டு வார்மஸ் ஆகியோர் தம் துணைவர்களுடன் 1976-இல் மெய்ப்பித்தனர். ஏ.பி.எல். மரபணுவும் அவ்வாறே முதலில் எலி வைரசு ஒன்றில் காணப்பட்டுப் பின்னர் நம்முடையதென்று அறியப்பட்டது. நம் வளர்ச்சிக்கென இறைவன் அமைத்துத் தந்த அதே கருவிதான் பழுதுபடும்போது புற்றாகிறது.

திருமணப் பேச்சும் தேவையற்ற அச்சமும்

இவ்விடத்தில் நம் குடும்பங்கள் கட்டாயம் அறியவேண்டிய ஒன்றுண்டு. குரோமோசோம் துண்டுகள் இடம் மாறுவது தாயின் கருவறையிலும் அன்று, முன்னோரிடத்தும் அன்று. வளர்ந்துவிட்ட ஒரு மனிதரின் எலும்பு மச்சையில், ஒரே ஓர் அணுவில், ஏதோ ஒருநாள் அது நிகழ்கிறது. அந்த ஓர் அணுவின் வழித்தோன்றல்களே நோயணுக்கள் அனைத்தும். அவருடைய பிற உறுப்புகளில் அம்மாற்றம் இல்லை. குழந்தைக்கு வாழ்வு தரும் அணுக்களிலும் இல்லை. எனவே இந்நோய் தந்தையிடமிருந்து மகளுக்கோ, தாயிடமிருந்து மகனுக்கோ செல்வதில்லை. தொட்டாலோ, ஒரே தட்டில் உண்டாலோ ஒட்டுவதுமில்லை. மிகுந்த கதிர்வீச்சுக்கு ஆளானவர்களிடம் இது கூடுதலாகத் தோன்றியதை ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் கண்டனர். மற்றப்படி, பெரும்பாலோருக்கு இது வருவதற்கு அவர்கள் உண்டதோ செய்ததோ காரணமாகக் காட்டப்படவில்லை.

அப்படியிருக்க, "வீட்டில் இரத்தப் புற்று இருப்பது வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது" என்று நோயை மறைத்து, மறைப்பதற்காகவே மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்டு. பெண் பார்க்க வருவோரும் இதனைக் கேட்டுப் பின்வாங்குவதுண்டு. மருத்துவ அறிவு இதற்கு எள்ளளவும் ஆதரவு தரவில்லை. பங்கில் திருமண ஆயத்த வகுப்பு நடத்துவோர் இந்த ஒரு செய்தியை அங்கே சொன்னாற்கூடப் பெரும் பயன் விளையும் என்பது நம் எண்ணம்.

பூட்டுக்கேற்ற சாவி

ஒரு புரதத்தின் ஓயாத கட்டளைதான் நோய் என்றால், அப்புரதத்தின் வாயை மட்டும் அடைத்தாற் போதுமே? இவ்வாறு எண்ணியவர்களுள் முதன்மையானவர் பிரையன் டிரூக்கர் என்னும் அமெரிக்க மருத்துவர். பிற மருந்துகள் பிரியும் அணுக்கள் யாவற்றையும் கொன்றன. நல்லணுவும் நோயணுவும் சேர்ந்தே அழிந்தன. சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் ஒரு மருந்து நிறுவனத்தில் நிக்கலஸ் லைடனும் அவருடைய குழுவினரும் கைனேஸ்களைத் தடுக்கும் பொருள்களை உருவாக்கி வந்தனர். அவற்றுள் ஒன்றை டிரூக்கர் தம் ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, நோயணுக்கள் மடிந்தன. நல்லணுக்கள் பெரும்பாலும் தப்பின. 1996-இல் இது வெளியிடப்பட்டது. இமாட்டினிப் என்பது அம்மருந்தின் பெயர். கிளிவெக் என்பது அந்நிறுவனம் இட்ட விற்பனைப் பெயர்.

அது செயற்படும் விதம் எளிது. கைனேஸ் தான் ஒட்டவேண்டிய பாஸ்பேட்டை ஏ.டி.பி. என்னும் பொருளிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஏ.டி.பி. வந்து அமர்வதற்கென அப்புரதத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. இமாட்டினிப் அந்தப் பள்ளத்தில் போய் அமர்ந்துகொள்கிறது. தீ கொடுக்க வேண்டிய திரிக்கு எண்ணெய் வரும் வழி அடைபடுகிறது. புரதம் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் பேச்சு நின்றுவிடுகிறது. கட்டளை கிடைக்காத நோயணுக்கள் மடிகின்றன.

1998 ஜூன் மாதம் நோயாளிகளுக்கு முதன்முதலாக இம்மாத்திரை கொடுக்கப்பட்டது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ உட்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்பு நிலைக்குத் திரும்பியது. புற்றுநோய் மருத்துவத்தில் இத்தகைய எண்களை அதற்குமுன் எவரும் கண்டதில்லை. 2001 மே 10-ஆம் நாள் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. தொடக்கத்திலேயே இம்மருந்தைப் பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், பத்தாண்டுகளுக்குப் பின் நூற்றுக்கு 83 பேர் உயிருடன் இருந்தனர். முன்னாளில் இந்நோயாளர்களில் பாதிப்பேர் ஐந்தாண்டு காண்பதே அரிதாயிருந்தது.

சென்னையில் தொடங்கிய வழக்கு

மருந்து கிடைத்துவிட்டது, அதை வாங்கப் பணம்? சுவிட்சர்லாந்து நிறுவனமான நோவார்ட்டிசின் கிளிவெக் மாத்திரைக்கு நம் நாட்டில் மாதம் ஏறத்தாழ ரூ. 1,20,000 விலையாயிற்று. இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்தோ ஏறத்தாழ ரூ. 8,000 முதல் 10,000-க்குள் கிடைத்தது. 2003 நவம்பரில் நோவார்ட்டிசுக்கு இந்தியாவில் தனி விற்பனை உரிமை வழங்கப்பட்டதும், பல இந்திய நிறுவனங்கள் தம் மாத்திரைகளை விற்க இயலாமற்போயிற்று. நோயாளிகள் கலங்கினர். நோயாளர் நலச் சங்கம் ஒன்றும் மருந்து நிறுவனங்களும் எதிர்த்து மனுச் செய்தன. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நோவார்ட்டிசின் விண்ணப்பத்தை நிராகரித்தது. முன்பே அறியப்பட்ட பொருளின் புதிய படிக வடிவத்துக்கு, நோய் தீர்க்கும் ஆற்றல் மிகுந்திருப்பதாக மெய்ப்பித்தாலன்றிக் காப்புரிமை இல்லை என்பது நம் நாட்டுச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அப்பிரிவையே எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டு 6-இல் தள்ளுபடி செய்தது. இறுதியில் 2013 ஏப்ரல் 1-ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்துத் தீர்ப்பளித்தது.

அந்நிறுவனம் நம் நாட்டு நோயாளிகள் ஆயிரக்கணக்கானோருக்கு அம்மருந்தை இலவசமாகவே வழங்கி வந்தது என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆராய்ச்சிக்குப் பொருள் செலவிட்டவர் அதனைத் திரும்பப் பெற வேண்டும் என்ற வாதத்திலும் பொருளுண்டு. ஆயினும் ஒருவர் தாமாக மனமுவந்து அளிக்கும் தானம் வேறு. ஏழை தன் உரிமையாகக் கடையில் வாங்கும் மருந்து வேறு. தனியுடைமையின்மீது சமூகத்துக்கு ஒரு கடன்பாடு உண்டென்று பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1987-இல் வெளியிட்ட சுற்றுமடலில் கற்பித்தார். ஓர் அறிவுச் சொத்தின் விலை ஒரு தந்தையின் உயிராக இருக்கும்போது அப்போதனையின் கூர்மை நன்கு புலப்படுகிறது. 2015-இல் உலக நலவாழ்வு நிறுவனமும் இமாட்டினிபை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

நலமாயிருக்கும்போது விழுங்கும் மாத்திரை

விலை குறைந்தபின் வேறொரு தொல்லை தலைகாட்டியது. மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே மண்ணீரல் சுருங்கும், பசி எடுக்கும், வெள்ளணு எண்ணிக்கை ஒழுங்காகும். நோயாளி வேலைக்குத் திரும்புவார். "ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல் என்று வந்துவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை?" என்று வீட்டிலுள்ள பெரியவர்களே கேட்பார்கள். நேர்த்திக்கடன் செலுத்தித் திரும்பிய நாளோடு மாத்திரையையும் நிறுத்திவிடுவோர் உண்டு. நேர்த்திக்கடனைக் குறைகூற நாம் வரவில்லை. நன்றி செலுத்துதல் நன்றே. ஆனால் மேலே கூறியதைச் சற்றே நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். மருந்து இணைப்புப் புரதத்தை அழிப்பதில்லை. வாயை அடைத்து வைத்திருக்கிறது, அவ்வளவே. அப்புரதத்தை உருவாக்கும் மரபணுவைக் கொண்ட மூல அணுக்கள் சில எலும்பு மச்சையின் ஆழத்தில் மறைந்திருக்கின்றன. இரத்தத்தில் மருந்து குறைந்தவுடன் பள்ளம் காலியாகிறது. கட்டளை மீண்டும் ஒலிக்கத் தொடங்குகிறது.

எத்தனை மாத்திரை தவறினால் கேடு? இலண்டன் மருத்துவமனை ஒன்றில் 87 நோயாளிகளை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவு சிந்திக்கத்தக்கது. மாத்திரைப் புட்டியின் மூடியிலேயே நுண்கருவி பொருத்தி, அது எப்போதெல்லாம் திறக்கப்பட்டது என்று கணக்கெடுத்தனர். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒழுங்காக உட்கொண்டவர்களில் மிகப்பெரும்பாலோருக்கு நோயின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அதற்குக் குறைவாக உட்கொண்டவர்களில் மூவரில் ஒருவருக்குக்கூட அப்பயன் கிட்டவில்லை. மாதத்துக்கு மூன்று மாத்திரைக்கு மேல் தவறுவதே இந்த எல்லையைத் தாண்டுவதாகும். திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது மறந்தது, மாதக் கடைசியில் வாங்க முடியாமல் இருநாள் விட்டது, வயிற்றைப் புரட்டியதால் ஒருநாள் தவிர்த்தது எனச் சேர்த்துப் பார்த்தால் மூன்று எவ்வளவு எளிதில் வந்துவிடுகிறது!

பக்க விளைவுகள் உண்டு, மறுப்பதற்கில்லை. கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்காலில் பிடிப்பு, குமட்டல் ஆகியவை பொதுவானவை. உணவுடன், ஒரு பெரிய தம்ளர் நீருடன் விழுங்கினால் குமட்டல் பெரிதும் தணியும். தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டுமேயன்றி, தாமாக அளவைக் குறைப்பது ஆபத்து. நாட்டு மருந்தோ வேறு மாத்திரைகளோ சேர்த்து உட்கொள்பவர்கள் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சிலருக்கு ஒழுங்காக உட்கொண்டும் பயன் குறைகிறது. பெரும்பாலும் அப்பள்ளத்தின் வடிவமே மாறிவிடுவதுதான் காரணம். புரதத்தின் 315-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினாற் போதும், இமாட்டினிப் உள்ளே அமர முடியாது. இம்மாற்றத்தை 2001-ஆம் ஆண்டிலேயே கண்டுவிட்டனர். அதன்பின் டாசாட்டினிப், நிலோட்டினிப் என்று அடுத்தடுத்து மருந்துகள் வந்தன. 315-ஆம் இட மாற்றத்தையும் வெல்லும் பொனாட்டினிப் 2012-இல் வந்தது. ஆகவேதான் முதலாண்டில் மூன்று மாதத்துக்கொருமுறை பி.சி.ஆர்–ஏ.பி.எல். அளவு காணும் இரத்தப் பரிசோதனையை மருத்துவர்கள் வற்புறுத்துகின்றனர். சாதாரண இரத்தப் பரிசோதனை காட்டாத எதிரியை அது காட்டிக்கொடுக்கும்.

எல்லாப் புற்றும் இவ்வாறு ஒரே புரதத்துக்கு அடங்குவதில்லை என்பதையும் சொல்லி வைப்போம். மார்பகப் புற்றுகளில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை ஹெர்-2 என்னும் மேற்சவ்வுப் புரதம் மிகுதியாக இருக்கிறது. அதனைத் தடுக்கும் மருந்து 1998 முதல் உண்டு. பெரும் பயன் தருகிறது. நுரையீரல் புற்றிலும் இத்தகைய மருந்துகள் சில வந்துள்ளன. ஆயினும் அங்கெல்லாம் ஒரு வழியை அடைத்தால் புற்றணுக்கள் மறுவழி தேடுவது அடிக்கடி நிகழ்கிறது.

ஆயுள் முழுதும் மாத்திரையா என்று கேட்போருக்கும் ஒரு செய்தி உண்டு. இரண்டாண்டுகளுக்கு மேலாக மிக நுண்ணிய பரிசோதனையிலும் நோயின் தடயம் தெரியாத 100 பேருக்குப் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் மருந்தை நிறுத்திப் பார்த்தனர். 2010-இல் வெளியான அம்முடிவின்படி ஏறத்தாழ பத்தில் நால்வருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கு மீண்டும் மாத்திரை தொடங்கியதும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆனால் மாதந்தோறும் பரிசோதனை செய்து, மருத்துவரின் கண்காணிப்பில் நிகழ்ந்த நிறுத்தம் அது.

மணமான இளம் பெண்களுக்கு இது மிகவும் இன்றியமையாதது. ஏனெனில் இமாட்டினிப் கருவிலிருக்கும் குழந்தைக்கு ஊறு செய்யக்கூடும். குழந்தை வேண்டுமென்னும் எண்ணம் எழும்போதே, கருவுறுவதற்கு முன்னரே, கணவனும் மனைவியுமாக மருத்துவரிடம் சென்று பேசுதல் வேண்டும். நோய் நன்கு அடங்கியிருக்கும் காலம் பார்த்து மருந்தை நிறுத்தி வைத்து, நல்லபடியாகக் குழந்தை பெற்று, பின்னர் மாத்திரையைத் தொடர்ந்த தாய்மார்கள் இருக்கின்றனர். தாய் மாத்திரை உட்கொள்ளும் காலத்தில் குழந்தைக்குத் தாய்ப்பால் தருவதில்லை; ஆகவே எத்தனை நாள் பால் கொடுப்பது, எந்த நாளில் மாத்திரையை மீண்டும் தொடங்குவது என்பதையும் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.